பல்பசையிலிருந்து மனிதகுலத்தைக் காத்தவர்

மனிதகுலத்தைக் காப்பாற்றியவர்கள் வரிசையில், அம்மைக்கு மருந்து கண்டவருக்குப் பக்கத்து நாற்காலியை எங்கள் வெண்டல் க்ரோக்குக்குத்தான் போடவேண்டும். மறுப்பவர்கள் கரடி நடமாடும் அமெரிக்க மோன்டானா மலையில் ஒரு வாரம் கூடாரம் அடித்துவிட்டு வந்து பேசட்டும். அவர் எங்கள் வேட்டைக்குழுவின் ‘கரடித் தடுப்புத் தலைமை அதிகாரி’. குழுவில் மொத்தம் மூன்று பேர்: அவர், மார்லிஸ், சமையல்காரனாகிய நான். கணினியில் ஒன்றரை மணி நேரம் படம் பார்த்துச் சான்றிதழ் வாங்கியவர் அவர் ஒருவரே என்பதால் போட்டியின்றித் தேர்வானார்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண்மணி. எல்க் மான் சுடும் அனுமதிக்காகப் பதினோரு வருஷம் குலுக்கலுக்கு எழுதிப்போட்டு, இந்த செப்டம்பரில்தான் அவர் பெயர் விழுந்தது. ஒரே ஒரு எல்க். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசை.

முதல் நாளே ‘வாசனைப்பொருள் ஒப்படைப்பு விழா’ நடந்தது. மணக்கும் எதுவும் கூடாரத்தில் இருக்கக்கூடாது. நூறு தப்படி தள்ளி, கரடி திறக்கமுடியாத இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும். பல்பசை போனது. சோப்பு போனது. என் பூண்டு போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆர்லோ, பையில என்ன?” என்று வெண்டல் என் பக்கம் திரும்பினார்.

“இருமல் மிட்டாய்ங்க.”

“உள்ள போடு.”

“இருமல் வந்தா?”

“வாசனை இல்லாம இருமு.”

அடுத்து, கரடி முகத்தில் அடிக்கும் மிளகாய் மருந்துக் குப்பிகள் மூன்றையும் எடுத்தார்.

“யோவ், அது கரடியை விரட்டுற மருந்துய்யா!” என்று மார்லிஸ் கத்தினார்.

“மிளகாய்க்கு வாசனை உண்டா இல்லையா? விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். மருந்துக்குன்னு தனிச் சலுகை கிடையாது.”

ஓட்டெடுப்பு நடந்தது. சமையல்காரனுக்கு ஓட்டில்லை, சமமானால் அதிகாரிக்கு இரண்டு ஓட்டு. குப்பிகள் பெட்டிக்குள் போயின. இப்படியொரு சமத்துவத்தை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

ஐந்து நாள் அலைந்தும் எல்க் கண்ணில் படவில்லை. கடைசி நாள் காலை, வெண்டல் ஒரு புட்டியைத் திறந்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டார்.

“அய்யய்ய! என்னய்யா நாத்தம்?” என்றார் மார்லிஸ்.

“பருவத்துக்கு வந்த பெண் எல்க்கோட மூத்திரம். ஆண் எல்க் தானா ஓடிவரும்.”

“கரடி வராதா?”

“இது வேட்டைத் துறை. அது பாதுகாப்புத் துறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

ஒரு புதரில் ஒளிந்து, ஊதலை வாயில் வைத்து, பெண் எல்க்கைப்போல ஏக்கமாகக் கூப்பிட்டார். நாற்பது தப்படி தள்ளி மார்லிஸ் துப்பாக்கியோடு படுத்திருந்தார், பின்னால் நான். வந்ததய்யா, மாப்பிள்ளை நடை நடந்து, கிளைகிளையாகக் கொம்போடு ஒரு ஆண் எல்க்! மார்லிஸின் விரல் விசைமேல் போனது.

அப்போதுதான் வெண்டலுக்குப் பின்னால் செடி விலகியது. பெரிய பழுப்புக் கரடி.

திரும்பிப் பார்த்த வெண்டல் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். குப்பி விதிப்படி பெட்டியில் பத்திரமாக இருந்தது. அலறினார். ஊதல் வாயிலேயே இருந்ததால் அந்த அலறலும் பெண் எல்க்கின் கொஞ்சலாகவே வந்தது. ஆண் எல்க் ஆசையாக இரண்டடி முன்னால் வந்தது. கரடியும் ஆசையாக இரண்டடி முன்னால் வந்தது.

எல்க்கைச் சுட்டால் கரடி ஓடாது. எங்கள் பக்கத்துக் கரடிகளுக்கு வெடிச்சத்தம் சாப்பாட்டு மணி; வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடல் கிடைக்குமே. மூக்குக்கு முன்னால் மண் தெறித்தால்தான் ஓடும். மார்லிஸ் எல்க்கை ஒரு கணம் பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் திருப்பிக் கரடியின் காலடியில் சுட்டார். தும்மிக்கொண்டே கரடி ஒரு பக்கம் ஓட, எல்க் மறுபக்கம் ஓடி மறைந்தது. மார்லிஸ் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

மத்தியானம் எங்கள் அதிகாரி அறிக்கை வாசித்தார்: “மனிதச் சேதம் இல்லை. பல்பசைச் சேதம் இல்லை. பெட்டியைக் கரடி நெருங்கவே இல்லை. ஏற்பாடு முழு வெற்றி. முன் அனுமதியின்றிச் சுட்ட மார்லிஸ் கண்டிக்கப்படுகிறார். கையெழுத்துப் போடும்மா.”

மார்லிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

“ஒரு வரி விட்டுப்போச்சு, சேர்த்துக்கோ. உன் உயிரைக் காப்பாத்தினது உன் பெட்டியும் இல்ல, நானும் இல்ல. ‘கொம்புள்ளதை மட்டுமே சுடலாம்’னு என் அனுமதிச் சீட்டுல போட்டிருக்கு பாரு, அந்த விதிதான். உனக்குத்தான் கொம்பு இல்லையே!”