லூவிய வினைச்சொல்லும் எண்ணெய் தேய்த்த குதிரையும்

அரைகுறையாகப் படித்தவன் வீட்டில் சும்மா இருந்தால் யாருக்கும் கேடில்லை. அவன் கையில் குதிரையை ஒப்படைக்கக் கூடாது. என் மாமனார் வீட்டார் ஒப்படைத்தார்கள்.

1936, தை மாதம். என் மைத்துனன் சென்னியப்பனுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பெண் எடுத்திருந்தோம். மாப்பிள்ளை குதிரையேறித்தான் பெண்ணின் ஊருக்குள் நுழைய வேண்டும். ஜட்கா ராவுத்தரிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் குதிரையைத் தயார் செய்வது மருமகனான என் பொறுப்பு. தேங்காய் நாரால் உலர்வாகத் தேய்த்தால் போதும் என்று ராவுத்தர் சொல்லித்தான் கொடுத்தார்.

நானோ அந்த வாரம் கோயமுத்தூர் வாசகசாலையில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை படித்திருந்தேன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் சின்ன ஆசியாவில், அதாவது துருக்கிப் பக்கம், வழங்கிய லூவிய மொழியில் குதிரையைப் பேணுவதற்கென்றே ஒரு வினைச்சொல் இருந்ததாம். தேய்ப்பது என்று பொருளா, சீவுவதா, குளிப்பாட்டுவதா, அது எந்த வேரில் பிறந்தது என்று பண்டிதர்களுக்குள் வழக்கு. (அந்த வயதில் எந்த நாட்டுச் சொல்லைக் கண்டாலும் அதன் பாட்டன் நொய்யல் கரைக்காரன் என்றே எனக்குத் தோன்றும்.) தேய்ப்பதும் குளிப்பாட்டுவதும் சேர்ந்து வருவது எதில்? சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில்! வழக்கு தீர்ந்தது. அன்று சனிக்கிழமையாகவும் இருந்துவிட்டது.

இரண்டு படி நல்லெண்ணெய் தேய்த்தேன். குதிரை கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. அதையே சான்றாக நாட்குறிப்பில் எழுதினேன். பிறகு அரப்புப் போட்டு அலசினேன். மனிதத் தலையிலிருந்து போகிற எண்ணெய் குதிரை முதுகிலிருந்து போகாது என்பதைச் சஞ்சிகை எழுதவில்லை.

மறுநாள் காலை குதிரை கண்ணாடியாக மின்னியது. மாமனார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஊர் எல்லையில் மேளம் முழங்க, வெயில் ஏற, சேணம் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. சென்னியப்பனும் அதனோடு நகர்ந்தான். ஆரத்தித் தட்டுடன் நின்ற பெண் வீட்டார் காலடியில், பட்டு வேட்டியோடு குப்புற விழுந்தான்.

மேளம் நின்றது. பெண்ணின் அத்தை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "சகுனஞ் செரியில்லீங்க. தாலி கட்டறதப் பத்தி இனி யோசிச்சுத்தான் பேசோணும்."

மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

விழுந்தவன் எழவில்லை. கிடந்தபடியே இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பினான்.

"ஏனுங்கத்தை, பொண்ணு குடுக்கற மண்ணுல விழுந்து கும்பிட்டுத்தான் உள்ள வருவேன்னு வேண்டிட்டு வந்தனுங்க. நீங்க ஆசீர்வாதம் பண்ணுனாத்தான் எந்திரிப்பேன்."

அத்தை அவனையும், வேட்டியில் பளபளத்த எண்ணெய்ப் பிசுக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எந்திரி கண்ணு" என்றார். மேளம் மறுபடி முழங்கியது.

சேணத்து வாரைத் தான்தான் சரியாக இறுக்கவில்லை என்று அப்பாவிடம் பழியை ஏற்றுக்கொண்டான் சென்னியப்பன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கேட்டான்: "எவ்வளவு எண்ணெய்ங்க மச்சான்?"

"ரெண்டு படி."

"பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க."

மாமனார் இருந்தவரை அவன் வேறு வார்த்தை பேசவில்லை. அவர் காலத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டாருக்கு மட்டும் எண்ணெய்க் கதையைச் சொன்னான். அந்த வீட்டில் இன்றும் நான் மரியாதையாகச் சாப்பிடுகிறேன் என்றால் அது அவன் போட்ட பிச்சை.

பெண் வீட்டாருக்கு அந்தக் கும்பிடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்து வந்த மாப்பிள்ளையையும் எல்லையில் விழச் சொன்னார்கள். இப்போது அந்த வகையறாவில் அது கட்டாயச் சடங்கு. போன கல்யாணத்தில் வெளியூர்ச் சம்பந்தி ஒருவர், இது எத்தனை தலைமுறை வழக்கம் என்று பயபக்தியோடு கேட்டார்.

"எங்க மச்சான் ஆரம்பிச்சு வெச்சதுங்க," என்றான் சென்னியப்பன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் அவசர அவசரமாக வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.