ஜாகா அறைக்கு ஏழு பிளான்

தம்புசாமி கையில் இருந்த பிளானில் கழிப்பறை ரோட்டுப் பக்கம் இருந்தது. கண்முன்னால் நின்ற ஜாகா அறையில், அந்தக் காவலாளிக் கட்டடத்தில், அது தேநீர் ஒட்டுக்கடைப் பக்கம் இருந்தது.

பிளானைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கழிப்பறை இடம் மாறியது. ஆனால் வாசல் ரப்பர் தோட்டத்துக்குள் திறந்தது.

"நாகையா, எதைப் பார்த்துக் கட்டினே?"

மேஸ்திரி நாகையா சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்தார். அதன் மூலையில் 'பி' என்றிருந்தது. தம்புசாமி கையில் இருந்தது 'சி'.

"நீங்க கொடுத்ததுதாண்ணே."

அது உண்மை. புதிய பிளான் வந்ததும் பழையதைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி. தம்புசாமி பழையதையும் வாங்கவில்லை, புதியதையும் கொடுக்கவில்லை. புதியது கசங்கிவிடக்கூடாதே என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தக் கட்டுமான ஆபீசில் ஒன்பது வருஷம் மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவர் அவர். தரச் சான்றிதழ் மோகம் ஊரைப் பிடித்த அந்த 1994இல், முதலாளி ராமசுப்பிரமணியனையும் அது பிடித்தது. எல்லாப் பிளானுக்கும் ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். தம்புசாமி அந்த ஆளானார், தற்காலிகமாக. வெள்ளிக்கிழமை நடக்கும் தணிக்கையில் ஆபீஸ் தேறினால் வேலை நிரந்தரம். அந்த நிரந்தரக் கடிதம் இருந்தால்தான் சுங்கை வேயில் குறைந்த விலை வீட்டுக்கு மனுப் போட முடியும். மனைவி இராஜம்மா அந்த இல்லாத வீட்டின் ஜன்னலுக்குத் திரைத்துணியே வாங்கிவிட்டாள். நீலப் பூப்போட்டது.

அன்று, திங்கட்கிழமை காலைதான் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தணிக்கைக்காரர் வரும்போது பிளானும் கட்டடமும் ஒத்துப்போக வேண்டும். எப்படி என்று அவரிடம் கேட்கக் கூடாது. தம்புசாமி தலையாட்டினார். பக்கத்தில் நின்ற பிளான் வரைபவர் ராதாகிருஷ்ணனும் தலையாட்டினார்.

ஆகவே நாகையாவிடம் 'சி'யைக் கொடுத்துவிட்டு 'பி'யைப் பிடுங்கிக்கொண்டார். இடிக்கச் சொன்னார். நாகையா முணுமுணுத்தபடி இடித்து, ரோட்டுப் பக்கம் கட்டினார். நாலுக்கு ஐந்தடிதானே, அரை நாள் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் ராதாகிருஷ்ணன் 'டி'யை நீட்டினார். அதில் கழிப்பறை ஒட்டுக்கடைப் பக்கம் இருந்தது.

"நேத்துதானே ஐயா மாத்தினேன்," என்றார் தம்புசாமி.

"தகவல் வந்துச்சு, வரைஞ்சேன். நம்பர் போட்டு அனுப்புறது உங்க வேலை. வரையறது என் வேலை லா."

தம்புசாமி கேள்வி கேட்டே பழகாதவர். கடிதம் சுமந்தவருக்கு உள்ளே இருப்பதைப் படிக்கும் உரிமை கிடையாது அல்லவா. 'சி'க்கு ரத்து என்று சிவப்பு முத்திரைச் சாப்பு குத்த வேண்டும், 'டி'யைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டாரைக் கட்டடம் இருந்த மேருவுக்கு விட்டார். கிள்ளான் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பிளானுக்கு மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு அவர் நனைந்தார்.

நாகையா இடித்தார். கட்டினார்.

புதன்கிழமை 'இ' வந்தது. ரோட்டுப் பக்கம். வியாழன் 'எஃப்' வந்தது. ஒட்டுக்கடைப் பக்கம். பழைய செங்கல்லைத் தட்டித் தட்டி அடுக்கியதில் ஒவ்வொன்றும் பாதியாகியிருந்தது. தம்புசாமிக்குச் சளி முற்றியிருந்தது. பதிவேடு மட்டும் கோயில் கணக்காகப் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, நான் பள்ளிக்கூடம் கட்டியிருக்கேன், பாலம் கட்டியிருக்கேன்," என்றார் நாகையா. "இப்படி ஒரு கக்கூசைத் தள்ளிக்கிட்டே திரிஞ்சதில்ல."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. என் வீடு இதுலதான்டா இருக்கு."

"இதுலயா? நாலுக்கு அஞ்சுதானே இருக்கு."

வெள்ளி காலை எதிர்பார்த்தபடியே 'ஜி' வந்தது. ரோட்டுப் பக்கம். தணிக்கை ஒன்பது மணிக்கு, அதுவும் கட்டடத்திலேயே. இடித்துக் கட்ட நேரமில்லை. தம்புசாமி வீட்டுத் திரைத்துணியை நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

நாகையா நிதானமாக நின்றிருந்தார். இரவோடிரவாக ரோட்டுப் பக்கமும் ஒன்று கட்டியிருந்தார். ஒட்டுக்கடைப் பக்கம் இருந்ததை இடிக்கவும் இல்லை.

"எது வந்தாலும் தயார். வேணாததுக்கு மேல கன்வாஸைப் போட்டுடலாம்."

தம்புசாமிக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒட்டுக்கடைப் பக்கக் கழிப்பறையைக் கன்வாஸால் மூடி, மேலே நாலு சிமெண்டுச் சாக்கைச் சாத்தினார்கள்.

தணிக்கைக்கு வந்த மிஸ் லோ சிமெண்டுச் சாக்கைப் பார்க்கவே இல்லை. ரோட்டுப் பக்கக் கழிப்பறையை ஒரு பார்வை பார்த்தார், 'ஜி'யை ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டைத்தான் முக்கால் மணி நேரம் பார்த்தார். ஒரே வாரத்தில் நாலு திருத்தம், நாலும் தேதியோடு, பழையவை அத்தனையிலும் சிவப்புச் சாப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியும் இப்படித் தகவலைக் கட்டிக் காத்த ஆளைப் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைகுலுக்கினார். கூட வந்த முதலாளி, கடிதம் திங்கட்கிழமை தயாராகிவிடும் என்று தம்புசாமியின் காதில் சொன்னார்.

கார்கள் போனதும் தம்புசாமிக்குக் கால் வலி தெரிந்தது. ஒட்டுக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்காரி நல்லம்மாள் கேட்காமலே தே தாரேக் டீயை நுரைக்க ஆற்றி வைத்தார். நாகையாவுக்கும் ஒன்று. தம்புசாமி முதல் மிடறு குடித்துவிட்டு, யாரோ மேலே இருக்கிற பெரிய இன்ஜினியர் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டு வாரம் பூரா இந்தக் கழிப்பறையை மாற்றிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம் என்றார்.

மணி பத்தானது. கடைத் தூணில் மாட்டியிருந்த காசு போன் அடித்தது. நல்லம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"யாரு, ராதா தம்பியா? பிளான்ல வரையணும், கக்கூசை எந்தப் பக்கம் கட்டியிருக்காங்கன்னு தெனமும் பத்து மணிக்குக் கேப்பீங்க, நானும் எட்டிப் பார்த்துச் சொல்லுவேன்; இன்னிக்கு ரெண்டு பக்கமும் நிக்குதே, எதைச் சொல்லட்டும்?"