தக்காளி விலை மாறாது என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு ஒரு நல்ல வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் தக்காளி. நியாயமாகப் பார்த்தால் என் வாய். ஆனால் நான் நியாயமாகப் பார்ப்பதாக இல்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பார்த்துச் சலித்துப்போய், பெங்களூரில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். அங்கே 'கேஸ் இன்டர்வியூ' வைப்பார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லி, அவர்கள் எதிரிலேயே தீர்க்கச் சொல்வார்கள். கிடைத்தால் ஷிப்டுக்குப் பெரிய கும்பிடு. (கிடைக்கும் முன்பே சூப்பர்வைசரிடம் கும்பிடு போட்டுவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை!)

பயிற்சிக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே? ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் அண்ணனைப் பிடித்தேன். கேள்விகளைத் தமிழில் எழுதியும் கொடுத்தேன். அவன் கேள்வியோடே சண்டைக்குப் போனான்.

"ஒரு டீக்கடைக்கு தினம் நூறு பேர் வர்றாங்கன்னு வெச்சுக்கோ... எதுக்கு வெச்சுக்கணும்? மழை வந்தா?"

"கணக்குக்காகண்ணா! ஒரு பேச்சுக்கு!"

"இல்லாததை எப்டிம்மா இருக்குன்னு சொல்றது?"

ஒரு மாதம் இதே கூத்து. தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்டர்வியூ அன்று, தோழியின் கோட்டுக்குள் நான். எதிரில் இரண்டு பேர். அதில் ஒருவர் சேலத்துக்காரர். அவர்தான் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சாஸ் கம்பெனி நஷ்டத்துல ஓடுது. ஏன்னு கண்டுபிடிங்க. தக்காளி விலை வருஷம் முழுக்க மாறாதுன்னு வெச்சுக்குவோம்."

சரி சார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன்.

"எதுக்கு சார் வெச்சுக்கணும்?"

"கணக்குக்காகத்தாம்மா."

"காலையில ஒரு விலை, நாலு லாரி வந்து நின்னா ஒரு விலை. மாறலைன்னா அது தக்காளியே இல்ல சார். நஷ்டமே அதாலதான். நீங்க பதிலைத் தூக்கிப் போட்டுட்டுக் கேள்வி கேக்கறீங்க!"

பேசியது நான்; குரல் அச்சு அசல் அண்ணனுடையது. பக்கத்திலிருந்தவர் பேனாவை மூடினார்.

மறுநாள் அதே சூப்பர்வைசரிடம் போய் அதே ஷிப்டைக் கெஞ்சி வாங்கினேன். அவமானம்தான். கழிவறையில் அழுதேன். ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. மறுபடி அங்கே உட்கார வைத்தாலும் இதையேதான் சொல்வேன். (கோட்டு மட்டும் போட மாட்டேன். அக்குளில் இறுக்கியது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது 'வெச்சுக்குவோம்' என்றால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக இழுத்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகலைன்னு வெச்சுக்குவோம்..."

அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"வெச்சுக்காதீங்கம்மா. எங்க வீட்டுப் பொண்ணுக்கு அந்தப் பழக்கமே இல்ல."