துப்பாக்கிக்குக் கட்டை பார்த்த கதை

கொத்தமல்லிக் கட்டு வாங்கினால்கூட நடுவில் புல் வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கிற பிறவி நான். பெண் பார்க்க வந்த பாஸ்கர், “எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லைங்க” என்று சொன்னபோது, ‘அப்படியானால் ஏதோ பெரிதாகவே இருக்கிறது’ என்றுதான் முதலில் தோன்றியது. (இன்றுவரை எதுவும் சிக்கவில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

இப்படிப்பட்ட ஒருத்தியை டாலஸுக்கு வடக்கே, எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கிற ஒரு புதுத் தெருவில் குடிவைத்தார்கள். போதாததற்கு, தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து புலம்பும் ஒரு ஆப் வேறு என் போனில் ஏறியது. ‘வெள்ளை வேன் ஒன்று மெதுவாகப் போகிறது.’ ‘யாரோ பெல் அடித்துவிட்டுக் காணாமல் போனார்கள்.’ நானும் என் பங்குக்கு ஒரு காலையில், ‘தலையில் துணி சுற்றிய ஆள் வீடு வீடாக நின்று பூச்செடிகளை நோட்டம் விடுகிறார், உஷார்’ என்று தூரத்திலிருந்து எடுத்த படத்தோடு எழுதிப் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார்தான் அது. பூஜைக்குச் செம்பருத்தி தேடிப் போயிருந்தார்.

அவர் ஊர் திரும்பிய பிறகு நிலைமை மோசமானது. பாஸ்கர் வாரத்தில் பாதி நாள் வேலை விஷயமாக வேறு ஊரில் இருப்பார். வீட்டில் நானும் பன்னிரண்டு வயது மகள் மீராவும்தான். அந்தச் சமயத்தில் பின்பக்க வேலிக் கதவு தன்னால் திறந்து கிடக்க ஆரம்பித்தது. காலையில் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஆபீஸ் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ‘வாங்க வாங்க’ என்று அகலத் திறந்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பாஸ்கரிடம் கேட்டேன்.

“ஏங்க, எந்த ஸ்டாக் எடுத்தா நல்லது?”

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “இப்பவாச்சும் கேட்டயே கண்ணு! இரு, லேப்டாப்பை எடுத்துட்டு வர்றேன். எனர்ஜி கம்பெனி ரெண்டு பார்த்து வெச்சிருக்கறேன்...”

“ஷேர் இல்லீங்க. துப்பாக்கிக்கு.”

வெளிச்சம் அணைந்தது. துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற பின்பக்கக் கட்டைக்கும் ஸ்டாக் என்றுதான் பெயர் என்று விளக்கினேன். ஒரே வெடியில் பல குண்டுகள் சிதறுகிற ஷாட்கன்தான் வாங்குவது என்று முடிவு செய்து, ஒரு வாரமாக வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தேன்.

“புள்ள இருக்கற வீட்ல எதுக்கு கண்ணு இதெல்லாம்?”

“பெட்டில வெச்சுப் பூட்டிக்கலாங்க. நீங்க பாட்டுக்கு ஊருக்குப் போயிடறீங்க. இங்க கதவு தெறந்து கெடக்குது.”

கரப்பான்பூச்சியைக் கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வருகிற மனுஷர் அவர். பெருமூச்சோடு கார் சாவியை எடுத்தார். மீராவை அவள் தோழி வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நெஞ்சுவரை தாடி வைத்திருந்தார். (அத்தனை தாடிக்குள் எதையோ மறைக்கிறார் என்று பட்டது.) மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவது பழைய மாதிரி வழவழப்பான மரக்கட்டை. அடுத்தது தோள்கட்டையோடு கைத்துப்பாக்கிக்கு இருப்பதுபோல ஒரு பிடியும் சேர்ந்தது. பிறகு சிப்பாய்கள் வைத்திருப்பதுபோல இழுத்து நீட்டிச் சுருக்கிக்கொள்வது. கடைசியில் தோள்கட்டையே இல்லாமல் வெறும் கைப்பிடி மட்டும் வைத்த ஒரு குட்டைத் துப்பாக்கி.

“மேடம், உங்கள் கை நீளத்துக்கு இந்த மரக்கட்டையிலேயே குட்டையானது இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். உடனே எனக்குப் புரிந்துவிட்டது. விற்காமல் கிடக்கிற பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்! ஸ்டாக் கிளியரன்ஸ்!

பாஸ்கர் அந்த நீட்டிச் சுருக்கும் கட்டையைத் தடவிப் பார்த்து, “இதுன்னா ரெண்டு பேருக்கும் ஆகும் கண்ணு. நான் புடிச்சா நீட்டிக்கலாம், நீ புடிச்சா சுருக்கிக்கலாம்” என்றார்.

ஆறடி மனிதர் தன் உயரத்துக்கு வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஆக, இருவருமே எனக்கு எதிரி. நான் மொட்டைக் கைப்பிடியைக் காட்டினேன். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான எனக்கு மற்றதெல்லாம் உலக்கை மாதிரி இருந்தது. அதைக் கையில் எடுத்துக் கண்ணாடியில் பார்த்தால், நானே பார்த்து நடுங்குகிற மாதிரி ஒரு கம்பீரம் வந்திருந்தது.

“வாடகைக்குத் தருகிறோம், கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் இடம் இருக்கிறது, சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்” என்றார் தாடிக்காரர். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டார்கள். “முகத்துக்கு நேரே தூக்க வேண்டாம், கீழே இடுப்போடு பிடியுங்கள்” என்று இரண்டு முறை சொன்னார். இடுப்பில் வைத்துக்கொண்டு குறி பார்ப்பதாவது! இந்த ஆள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தருகிறார், நான் சுடத் தெரியாமல் விழித்தால் மரக்கட்டையை என் தலையில் கட்டிவிடலாம் என்று பார்க்கிறார். மீராவுக்குக் காட்டுவதற்காக பாஸ்கர் பின்னால் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் துப்பாக்கியைக் கேமரா மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கி, எதிரே தொங்கிய காகிதத் திருடனின் நெஞ்சைப் பார்த்து விசையை அழுத்தினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது கூரை. குண்டுகளும் கூரைக்குத்தான் போயிருந்தன. முட்டுக்கொடுக்கத் தோள் கிடைக்காத துப்பாக்கி என் முகத்தில் முட்டுக்கொடுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி கன்னத்தில் பதிந்து, மேலுதடு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. காகிதத் திருடன் சட்டை கசங்காமல் நின்றிருந்தான்.

பக்கத்திலேயே ஒரு கிளினிக் இருந்தது. போகிற வழியில் பாஸ்கரிடம், “துப்பாக்கின்னு வாயத் தெறந்துராதீங்க. நம்ம ஆளுங்க யாராச்சும் இருப்பாங்க, மானம் போயிரும்” என்று எச்சரித்தேன். என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ள மறந்துபோனோம். உள்ளே போனால், நான் பயந்தது போலவே, எங்கள் தமிழ்ச் சங்கத்து சரசு ஆன்ட்டி இருமலுக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பாஸ்கரைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

நர்ஸ் வந்து எப்படி ஆனது என்று கேட்டாள்.

“கதவில் இடித்துக்கொண்டாள்” என்றார் பாஸ்கர்.

“மாடிப்படியில் விழுந்துவிட்டேன்” என்றேன் நான், அதே நொடியில்.

நர்ஸ் சிரிக்கவில்லை. பாஸ்கரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து, மிக மென்மையாகக் கேட்டாள்: “உங்கள் வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?”

என் வாழ்க்கையில் இப்படி அக்கறையாக என்னை யாரும் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

“இல்லை. துளிகூட இல்லை.”

“எவ்வளவு நாளாக?”

“அந்த வீட்டுக்குப் போனதிலிருந்தே.”

“உங்கள் கணவரிடம் சொல்லிப் பார்த்தீர்களா?”

“சொன்னேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் துப்பாக்கி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்த மாதிரி என்பதில்தான் அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.”

நர்ஸ் எழுந்து போனாள். ஐஸ் கட்டி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வந்தது ஒரு போலீஸ்காரர். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால், சரசு ஆன்ட்டி உள்பட எல்லோரும் பார்க்க, இன்னொரு போலீஸ்காரர் பாஸ்கரைத் தனி அறைக்கு அழைத்துப் போகிறார். கரப்பான்பூச்சிக்கு வழிவிடுகிற என் புருஷன், கைகள் இரண்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி நீட்டிக்கொண்டு நடக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் என்னை அடித்துவிட்டதாக நினைக்கிறார்கள்! குதித்து எழுந்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். நர்ஸ் என் கையைத் தட்டிக்கொடுத்து, “அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை” என்றாள். சந்தேகப்படுகிற மனுஷியிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வீடியோ இருக்கிறது! அவர் போனைப் பாருங்கள்!” என்று கத்தினேன்.

பார்த்தார்கள். முதலில் பெரிய போலீஸ்காரர். அப்புறம் நர்ஸ். அப்புறம் டாக்டர். என் முகம் பின்னுக்குப் போய் நான் சரிகிற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பெரியவர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, இது டெக்சஸ் அல்லவா, எனக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்று அங்கேயே ஒரு மாநாடு ஆரம்பித்தது. டாக்டர் தன் மனைவி வைத்திருப்பது குட்டையான மரக்கட்டை என்றார். நர்ஸ் நீட்டிச் சுருக்குவதுதான் நல்லது என்றாள். மொட்டைக் கைப்பிடிக்கு ஓட்டுப் போட ஒருவரும் இல்லை. பாஸ்கர் ஒரு மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தபோது அது ஜில்லென்றிருந்தது.

“ஏனுங், பயந்துட்டீங்களா?”

“இல்ல கண்ணு. லாயர் யாரக் கூப்படறதுன்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் விசா லாயருங்கதான்.”

சின்னப் போலீஸ்காரர் மறுநாள் வீட்டுக்கு வந்து வேலிக் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளின் திருகு கழன்று, காற்றடித்தால் தானாகத் திறந்துகொண்டிருந்தது. பாஸ்கர் முடுக்கினார். துப்பாக்கிப் பேச்சு அதோடு நின்றது.

நிற்காதது சரசு ஆன்ட்டிதான். சங்கத்தில் எந்த விருந்தானாலும் பரிமாறுகிற பொறுப்பு அவருடையது. பாஸ்கர் தட்டருகே வரும்போது மட்டும் கரண்டி காலியாகிவிடும். பொங்கல் விழாவில் அந்த வீடியோவை ஆன்ட்டியிடமே போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தார்.

“இந்தக் காலத்துல வீடியோவெல்லாம் கம்ப்யூட்டரே செஞ்சு குடுக்குதாம் கண்ணு. எம் பேரன் என்னையச் சிங்கத்து மேல உக்கார வெச்சுக் காட்டுனான். நீ எதுன்னாலும் பயப்படாம எங்கிட்டச் சொல்லு.”

என் தட்டில் இரண்டு வடை கூடுதலாக விழுந்தது. பாஸ்கரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு வடையை மெல்ல அவர் தட்டுக்கு நகர்த்தினேன். அவர் ஒரு கடி கடித்திருப்பார், பின்னாலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது:

“பாத்தியா! அவ தட்டுல இருக்கறதையும் புடுங்கித் திங்கறான்.”

எங்கள் வீட்டில் இப்போது யார் தட்டிலிருந்து யார் எதை எடுத்தாலும் இந்த வசனம்தான். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிற மீரா, இந்த ஒன்றை மட்டும் கோயமுத்தூர் ராகம் பிசகாமல் தமிழில் சொல்கிறாள்.