மாமா ஏறிய முக்கால் மலை

அறுபத்தோரு வயதில் என் மாமனார் தில்லைநாதன் மறுபடியும் மலையேறுவது என்று முடிவெடுத்தார். இந்த ரகசியத்தை உலகத்திலேயே ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார். அந்த ஒருத்தி, சுவரில் பல்லி நகர்ந்தாலே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிற நான்.

"இளவரசி, பர்வதமலைம்மா! கல்யாணத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் ஏறுன மலை. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப வுட்டா அப்புறம் என்னைத் தூக்கிட்டுத்தான் போவணும்."

"அத்தைக்குத் தெரிஞ்சா, மாமா?"

"தெரிஞ்சாத்தானே?"

ஃபேன் துடைக்க ஸ்டூலில் ஏறி மாமா விழுந்த அன்றே அத்தை பட்டம்மாள் தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமாவுக்கு அனுமதிக்கப்பட்ட உயரம் வாசற்படி மட்டும்.

பயிற்சி எடுக்கச் சிதம்பரத்தில் மேடு ஏது? மாமா ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைப் பிடித்தார். வாக்கிங் என்று கிளம்பி இருபது தடவை ஏறுவார், இருபது தடவை இறங்குவார். எந்த ரயிலிலும் ஏற மாட்டார். வீட்டுக்கு வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று, கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லித்தந்த ஜெபத்தை இங்கிலீஷில் சொல்வேன். வேறு எதுவும் எனக்கு மனப்பாடம் இல்லை.

சனிக்கிழமை மாமா பட்டு வேட்டியில் வந்து நின்றார்.

"பட்டு, என்கூட வேலை பாத்த மணவாளன் பொண்ணுக்குக் கல்யாணம். திருப்பாதிரிப்புலியூர்ல. இன்னிக்கி ரிசப்ஷன், நாளைக்கு முகூர்த்தம்."

"தாராளமா போய்ட்டு வாங்க" என்றார் அத்தை. அத்தை இவ்வளவு சுலபமாக ஒரு கத்தரிக்காயைக்கூட ஒத்துக்கொண்டதில்லை.

உள்ளே போனவர், கலர் பேப்பர் சுற்றிய ஒரு டப்பாவோடு வந்தார். "மணமக்களுக்குக் குடுங்க. வரும்போது தாம்பூலப் பை மறக்காதீங்க."

"எதுக்கு இதெல்லாம்? கனமா வேற இருக்கு."

"தூக்கிட்டுப் போங்க. மலையா ஏறப் போறீங்க?"

என் கையிலிருந்த பால் பாட்டில் கீழே விழுந்து உருண்டது.

மாமா திரும்பி வருவதற்குள் என் மனசுக்குள் பதினேழு பாறையிலிருந்து விழுந்துவிட்டார். ஆனால் ஞாயிறு சாயங்காலம் நொண்டிக்கொண்டே முழுசாக வந்தார். கையில் தாம்பூலப் பை. அத்தை அடுப்படியில் இருந்தார்.

"முக்கால் மலை ஏறிட்டேம்மா" என்று கிசுகிசுத்தார். "அதுக்கு மேல முட்டி புடிச்சிக்கிச்சு. உச்சி கண்ணுக்குத் தெரியுது, காலு வரமாட்டேங்குது."

"அந்த டப்பா, மாமா?"

"அதையும் தூக்கிட்டுத்தான் ஏறுனேன். வரும்போது திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு மண்டபம், வாழை மரம் கட்டியிருந்தான். பக்கவாசல் வழியா நேரா பந்திக்குப் போயிட்டேன். சாப்ட்டு, பை குடுத்தவருகிட்ட டப்பாவத் தள்ளிட்டு வந்துட்டேன். எப்பிடி நம்ம ஐடியா?"

ஐடியாவில் ஒரே ஒரு ஓட்டை. மலையில் உடைந்துவிடும் என்று படிக்கிற கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அத்தை வந்து பையை வாங்கினார். "பொண்ணு பேரு என்னா?"

"ரே... ரேகா."

"பையில சிந்துஜான்னு போட்டிருக்கு."

"அது வீட்டுல கூப்புடற பேரு."

"காதணி விழான்னும் போட்டிருக்கு. போட்டோவும் போட்டிருக்கு. கல்யாணப் பொண்ணுக்கு ரெண்டு பல்லுதான் மொளைச்சிருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். நான் பாப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அவள ஏன் மொறைக்கிறீங்க? பூக்கார அமிர்தம் பத்து நாளு முன்னாடியே சொல்லிட்டா. 'உங்க வூட்டுக்காரரு பாலத்துல ஏறி ஏறி எறங்கறாரே, ரயில வுட்டுட்டாரா, புத்திய வுட்டுட்டாரா'ன்னு."

"தெரிஞ்சும் ஏன் போவ வுட்ட?"

"வேணாம்னா நிக்கிற ஆளா நீங்க? அதான் முட்டிக்குப் போடுற பட்டை, வலிக்கு ஸ்ப்ரே, குளுக்கோஸு, டார்ச் லைட்டு எல்லாம் அந்த டப்பாவுல வச்சுக் குடுத்தேன். இல்லாத கல்யாணத்துக்கு யாருகிட்ட குடுப்பாரு, வழியில பிரிச்சுப் பாப்பாருன்னு நெனைச்சேன்."

மாமா அப்படியே நாற்காலியில் சரிந்தார். "பட்டை இருந்திருந்தா மிச்ச கால் மலையும் ஏறியிருப்பனே, பட்டு..."

அத்தை பையிலிருந்த தேங்காயை எடுத்து, காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

"வுடுங்க. அந்தச் சிந்துஜாவுக்காவது முட்டி வலி வராம இருக்கட்டும்."