வெறும் வயிற்றில் ஒரு ஸ்தோத்திரம்

ஒல்லியான ஒருத்தி தனக்கு நோய் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று வேறு யாராவது சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். இதை நான் இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில் ஒன்றில், மைக்கின் முன்னால், வாயைக்கூடச் சரியாகத் துடைக்காமல் நின்று கற்றுக்கொண்டேன். (எங்களுக்குச் சர்ச்சும் கோயில்தான்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள். பிள்ளை இல்லை. லுணுகலையில் குடியிருந்து, அங்கேயே ஒரு பாலர் பாடசாலையில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மாமி, அதாவது என் கணவர் தேவாவின் அம்மா, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். எனக்குப் பிள்ளை வராததற்கு அவருக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

“கொக்கு மாதிரி இருந்தா புள்ள எங்கடி தங்கும்? தின்னு!”

தின்றேன். உளுத்தங்களி, அதன்மேல் கித்துல் பாணி என்கிற பாகு, அது போதாதென்று பின்னேரம் பால்மாவில் சீனி போட்டு ஒரு கிளாஸ். ஒரு சுற்றும் பெருக்கவில்லை. மாதவிலக்கு மட்டும் நினைத்தால் வந்தது, நினைத்தால் வராமல் இருந்தது.

கடைசியில் மாமிக்குத் தெரியாமல் நானும் தேவாவும் பதுளையில் ஒரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மா ஸ்கேன் பண்ணிவிட்டு, சூலகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள், முட்டை முதிர்ந்து வெளியே வருவதில்லை, பி.சி.ஓ.எஸ். என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டாக்டர், அது குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?” என்று கேட்டேன். (பெரிய மேதை!)

“ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். யாரும் சந்தேகப்படாததால கண்டுபிடிக்கத்தான் லேட்டாகும்” என்றார். உடம்பைக் குறைக்கவும் வேண்டாம், பாணி குடித்து ஏற்றவும் வேண்டாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் சீனி வருத்தக்காரர், அதாவது சர்க்கரை நோயாளிகள், போடுகிற மெட்போர்மின் மாத்திரையை முதலில் தொடங்குவோம், பிறகு முட்டை வளர்கிற மாத்திரை தருகிறேன் என்றார். வாசல்வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு, “சாப்பாட்டோட போடுங்க. வெறும் வயித்தில போட்டா குடலைப் புரட்டும்” என்றும் சொன்னார்.

மாமியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், பயம்தான். கட்டி என்ற சொல் வீட்டை விட்டு வெளியே போனால் மலடி என்ற சொல்லாகத்தான் திரும்பி வரும். மாத்திரை அட்டையை என் ஹேண்ட்பேக்கில், தைலப் போத்தலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அப்புறம் கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் வீட்டில் திருவிருந்து எடுக்கும்வரை வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. மாமியின் சட்டம். அடுப்பே பற்ற வைக்க மாட்டார். நான் யோசித்தேன். மாத்திரையை விட்டால் பிள்ளை வராது, சாப்பிட்டால் பாவம். மாத்திரை சாப்பாடு இல்லையே! விடியற்காலையில் ஒரு மிடறு பச்சைத் தண்ணீரில் விழுங்கினேன். கர்த்தருக்கும் கோபம் வராது, டாக்டருக்கும் கோபம் வராது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்படியொரு அறிவு அந்த வயதில் எனக்கு.

மடுல்சீமை வளைவுகளில் ஆட்டோ குலுங்கும்போதே வயிறு முறுக்கியது. முதல் பாட்டு எப்படியோ போனது. பிரசங்கத்தின் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, கோயிலுக்குப் பின்னால் தேயிலைச் செடியடியில் உட்கார்ந்து, இல்லாத சாப்பாட்டையெல்லாம் வாந்தி எடுத்தேன். யாரோ முதுகைத் தடவினார்கள். திரும்பிப் பார்த்தால் மாமி. அழுதுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“ஏசப்பா! எத்தன நாளாடி?”

“ஐயோ மாமி, அது இல்ல...”

“நாலு பெத்தவகிட்ட மறைக்கிறியா? வாயக் கொப்பளிச்சிட்டு வா.”

நான் குழாயடிக்குப் போய் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எங்கள் போதகர் ஐயா நல்ல மனுஷன். நல்ல செய்தி கிடைத்தால் அடக்கி வைக்கத் தெரியாது. “நம்ம சகோதரி எஸ்தரைக் கர்த்தர் கண்ணோக்கிட்டாரு. முன்னுக்கு வாங்கம்மா, ஜெபிப்போம்” என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் மலைமுழுக்கக் கேட்டது. பெண்கள் என்னைக் கையைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். தேவாவைப் பார்த்தேன், அவராவது எழுந்து சொல்லட்டும் என்று. மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு, கண்ணில் தண்ணீரோடு, “எங்கிட்டக்கூட சொல்லலியே” என்று கேட்டார். (கூடவே பதுளைக்கு வந்து, அந்த மாத்திரையைத் தன் கையால் வாங்கித் தந்த மனுஷன்!)

இதற்குமேல் சும்மா இருக்க முடியாது என்று நானே வாயைத் திறந்தேன்.

“ஐயா, புள்ளயெல்லாம் இல்லீங்க. மாத்திரை போட்டேன். வெறும் வயித்துல மாத்திரை போட்டதால வந்தது.”

மைக் என் தாடைக்குக் கீழேதான் இருந்தது. ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “வெக்கப்படுது புள்ள!” என்றார். கோயிலே சிரித்தது. ஐயாவும் சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்து, பிறக்கப்போகும் பிள்ளையின் படிப்பு, வேலை வரைக்கும் ஜெபித்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாத்திரை அட்டையை எடுத்து மாமியிடம் காட்டினேன். கட்டி, இன்சுலின், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது சீனி மாத்திரைடி. ஒனக்கா சீனி? தின்ன கித்துல் பாணியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, ஒனக்கா சீனி?” என்று சொல்லிவிட்டு எனக்கு முட்டை அவிக்கப் போய்விட்டார். தேவா பக்கத்தில் நின்று எவ்வளவோ சொன்னார். பெண்டாட்டி சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான் என்று மாமி முடித்துவிட்டார்.

அப்புறம், வராமல் இருந்த மாதவிலக்கு வந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நான் சந்தோஷப்பட வேண்டிய நாள். குளியலறை வாசலில் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அழுத அழுகையில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பிஸ்கட் பெட்டியும் ஹோர்லிக்ஸ் போத்தலுமாக வந்து துக்கம் விசாரித்தார்கள். உருவாகவே இல்லாத ஒரு பிள்ளைக்காக என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அவர்கள் நினைத்ததற்காக இல்லை. அந்தச் சிவப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் நான் அழுததுண்டு. ஒரு நாளும் ஒருவரும் ஹோர்லிக்ஸ் கொண்டு வந்ததில்லை.

அதோடு விட்டார்களா? அடுத்த வாரம் பஸ் நிலையத்தில் என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“மாத்திரை போட்டேன்னு அவளே மைக்குல சொன்னாளே. கலைச்சிருக்கா.”

“வேலைக்குப் போறவளாச்சே. புள்ள எதுக்கு?”

நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நம்பாத ஊர், அந்த மாத்திரையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது! திரும்பி அவர்கள் வாயில் நாலு போடலாம் போல இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

மாமியின் காதுக்கும் அது போனது. திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிக்காமல் விட்டுவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு கேத்தல் கொதித்தது.

முட்டை வளர்கிற மாத்திரையும் போட்டேன். முட்டை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் காட்டினார்கள். பிள்ளை மட்டும் தங்கவில்லை. மாமியோ யார் கேட்டாலும், “ஒண்ணு தங்கிச்சு, தவறிப்போச்சு. இருந்திருந்தா இப்ப நடந்திருக்கும்” என்று வயது சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மாமிக்குச் சீனி வருத்தம் வந்தது. அதே மெட்போர்மின். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்லி தேவா படித்துப் படித்துச் சொன்னார். திருவிருந்து ஞாயிறு வந்தது. மாமி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அதே தேயிலைச் செடி.

முதுகைத் தடவிக்கொண்டே, இத்தனை வருஷத்துக் கசப்பையும் சேர்த்து, “எத்தன நாளா மாமி? ஐயாவக் கூப்பிடவா? ஸ்தோத்திரம் சொல்லுவாரு” என்றேன்.

மாமி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று, என் கையைப் பிடித்தார்.

“அப்ப... அது நெசமாவே இல்லியாடி?”

“இல்ல மாமி. ஒண்ணுமே இல்ல.”

அந்தப் பிள்ளைக்காக அவர் இரண்டாம் முறை அழுதார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்குக் குமட்டினாலும் “ஐயாவக் கூப்பிடு!” என்றுதான் தேவா கத்துவார். எல்லோரும் சிரிப்போம். மாமியின் மாத்திரையும் என் மாத்திரையும் அடுப்படியில் ஒரே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. திருவிருந்து ஞாயிறுகளில் அக்கம்பக்கத்துக்கே கேட்கும்படி எங்கள் வீட்டில் தேங்காய் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்கும். சுடச் சுட ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலையும் என் முன்னால் வைத்துவிட்டு மாமி சொல்வார்:

“தின்னுட்டுப் போடுடி. கர்த்தர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”