இடம் மாறிய குழாய்

கிள்ளான் பட்டணத்தில் பழைய ஒல்லிக் குழாய்களைத் தோண்டி எறிந்துவிட்டு, யானைத் துதிக்கை பருமனுக்கு இரும்புக் குழாய் புதைத்த வருஷம் அது. அந்த வேலையில் கூலிகளை மேய்க்கும் மண்டோர் சபாபதி. இருபது ஆட்களை அதட்டுவார். வீட்டில் தும்முவதற்குக்கூட மனைவி இராஜம்மாவிடம் உத்தரவு கேட்பார்.

ஆபீஸ் கொடுத்து அவர்கள் குடியிருந்த கோட்டர்ஸ் வரிசையில் எட்டு வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். அது முதல் வீடான சபாபதியின் வாசலில் வரும் என்று வெள்ளைக்காரத் துரை முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்.

சபாபதிக்குத் தூக்கம்தான் பெரிது. காலை ஆறுக்கு வேலைக்குப் போய், இரண்டுக்குத் திரும்பி, ஐந்து வரை தூங்குகிறவர். எட்டு வீட்டுப் பெண்கள், எண்பது குடம், எண்ணாயிரம் வம்பு. எல்லாம் ஜன்னலுக்கு இரண்டடியில்.

துரை சாப்பிடப் போன நேரம் பார்த்து முளையைப் பிடுங்கி, கடைசி வீட்டுப் பக்கிரிசாமியின் வாசலில் அடித்தார். துரை கவனிக்கவே இல்லை. முளையை நட்டது துரை, மூளையைச் செலவழித்தது நாம் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டார்.

“இராஜம், குழாய் பக்கிரிசாமி வீட்டுக்கு முன்னால போயிடுச்சு. துரை போட்ட பிளான். நான் என்ன செய்யட்டும்?”

பதினோரு வருஷம் கிணற்றுத் தண்ணீர் சுமந்தவள். வெடிக்கப் போகிறாள் என்று கதவோரமாகவே நின்றார்.

“உங்க மேல என்ன குத்தம்? உக்காந்து சாப்பிடுங்க.”

அந்த அதிர்ச்சியில் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் இங்கிலீஷில் எழுதிய காகிதம் ஒன்றை நீட்டினாள்.

“குழாய் சம்பந்தமா ஆபீஸ்ல எழுத்து வேலை பாக்குற கிராணி எழுதிக் குடுத்தாரு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

படிக்கத் தெரியாது என்று சொல்ல மண்டோர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கண்ணை மேலும் கீழும் ஓட்டினார். “சரியாத்தான் எழுதியிருக்கான்” என்று போட்டுக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். இரண்டு மணிக்கு வீடு திரும்பிய சபாபதி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பக்கிரிசாமி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“வாங்க மண்டோரண்ணே. கை நனைக்கிறீங்களா?”

“என் வீட்டுல என்னடா பண்றே?”

“இது இப்ப என் வீடுண்ணே. வீடு மாத்திக்கச் சம்மதம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? காலைல உத்தரவு வந்துச்சு. குழாய்ச் சத்தம் ஆகாதுன்னு என் வீட்டுக்காரி புலம்பிக்கிட்டிருந்தா. இராஜம்மா அக்காதான் வழி பண்ணாங்க.”

கால் தரையில்தான் இருக்கிறதா என்று சபாபதி குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு கடைசி வீடு வரை நடந்தார். அங்கே குடங்களும் கூச்சலும். நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இராஜம்மா.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இராஜம்?”

“முளையைப் பிடுங்கினப்ப நீங்க சொன்னீங்களா? ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சபாபதி குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

“வரிசை அந்தக் கோடி வரைக்கும் நிக்குது. கடைசியில போய் நில்லுங்க,” என்றாள் இராஜம்மா.